அடிநீர் யாருக்குச் சொந்தம்?

ஒரு நகரம் தன் வரவு செலவுக்குக் கணக்கு எழுதி வைக்கிறது. தன் சாலைகளை அளந்து வைக்கிறது. வீட்டுக்கு வீடு எண் கொடுத்து வரி வாங்குகிறது. ஆனால் தன் காலடியில் கிடக்கும் நீர் எவ்வளவு, அதை யார் யார் எவ்வளவு எடுக்கிறார்கள், இன்னும் எத்தனை கோடைக்கு அது தாங்கும் என்று கேட்டால் மட்டும் கையை விரிக்கிறது. நாம் படிக்க வந்திருக்கும் இந்தப் பெங்களூர் மாநகரின் நிலைமை இதுதான். கணக்கில்லாத சொத்து களவு போகும் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்த உண்மை. நகரத்தின் அடிநீர் இன்று அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

நண்பர்கள் சிலர் கேட்கலாம்: "நாமோ நாலைந்து ஆண்டு படித்துவிட்டுப் போகிறவர்கள். இந்த ஊர்க் கிணறு எப்படிப் போனால் நமக்கென்ன?" என்று. போகிறவர்கள் நாம் மட்டுமே. இந்நகரில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ் மக்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் எங்கும் போகப் போவதில்லை. மேலும், என்னைப் போல் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கிழக்குப் பக்கத்து வடிநீரையும் ஏற்றுக்கொண்டுதான் தமிழ் மண்ணுக்குள் நுழைகிறது. பெல்லந்தூர் ஏரியிலிருந்து வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் போகும் அந்த நீர், ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையோடு வந்து நிற்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஆகவே, இந்த நகரம் நீரை எப்படி நடத்துகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

முதலில் விஞ்ஞானம் சொல்வதைச் சுருக்கமாகப் பார்ப்போம். பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்திருக்கிறது. நகரத்தின் ஊடே வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மண்ணுக்குக் கீழே இருப்பது கடினமான கருங்கல்லும் அதைச் சேர்ந்த பழம்பாறையும். ஆற்றங்கரை மணலில் நீர் ஊறி நிற்பதுபோல் இந்தப் பாறையில் நிற்காது. மேல்பகுதியில் வெயிலும் மழையும் உளுக்கச் செய்த பாறையில் கொஞ்சம் நிற்கும். அதற்குக் கீழே, பாறையின் வெடிப்புகளில் மட்டும் நிற்கும். ஆழம் போகப் போக அந்த வெடிப்புகள் குறுகிக் குறைகின்றன. ஆயிரம் அடி தோண்டினால் ஆயிரம் அடிக்கும் நீர் கிடைக்கும் என்பது வெறும் ஆசை. அப்படிக் கிடைத்தாலும் அது நேற்றுப் பெய்த மழையாக இராது. பல காலமாகச் சேர்ந்த முதலாக இருக்கலாம். முதலைச் செலவழித்துக் குடும்பம் நடத்துகிறவன் கதை எப்படி முடியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பாறை வெடிப்புகள் மனிதன் போட்ட வேலியை மதிப்பதில்லை. என் மனைக்குக் கீழே உள்ள வெடிப்பு உங்கள் மனைக்குக் கீழேயும் ஓடுகிறது. நான் 600 அடியில் எடுக்கும்போது நீங்கள் 1,200 அடிக்குப் போய் மோட்டாரை வைத்தால், என் கிணறு வற்றும். பிறகு நான் 1,500 அடிக்குப் போவேன். இந்தப் போட்டியில் கடைசியில் வெல்பவர் யாரும் இல்லை. ஆனால் முதலில் தோற்பவர் யார் என்பது நிச்சயம். இரண்டாவது முறை தோண்டப் பணம் இல்லாதவர்தான் அவர்.

விடுதியில் இடம் கிடைப்பதற்கு முன்பு, 2024-ஆம் ஆண்டு கோடையில், நகரின் கிழக்கு ஓரத்தில் ஒரு வாடகை அறையில் மூன்று நண்பர்களோடு தங்கியிருந்தேன். அந்தத் தெருவில் குழாய்த் தண்ணீர் வரவில்லை. வீட்டுக்கு வீடு போர்வெல்தான். மார்ச் மாதம் எங்கள் வீட்டுக் கிணறு காற்றை இறைத்தது. வீட்டுக்காரர் வசதியுள்ளவர். இரண்டே நாளில் லாரி வந்து, இரவு பகலாகத் துளையிட்டு, முன்னதைப்போல் இரு மடங்கு ஆழத்தில் நீர் கண்டார். எங்களுக்குக் குளிக்கத் தண்ணீர் வந்தது. அடுத்த வாரம், பின்பக்கத்துத் தகரக் கூரை வீடுகளுக்குப் பொதுவாக இருந்த கிணறு நின்றது. அந்த வீடுகளின் பெண்கள் குடத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். வீட்டுக்காரர் கெட்டவர் அல்லர். காலையில் அரை மணி நேரம் குழாயைத் திறந்து விட்டார். தங்கள் கிணற்றிலிருந்து போன நீரைத் தானமாகப் பெற்றுக்கொண்டு அவர்கள் நன்றி சொல்லிப் போனார்கள். அவர் மீறிய சட்டம் எது என்று அன்று நான் யோசித்தேன். அவர் செய்தது சரி என்று பழைய சட்டமும், அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது என்று புதிய சட்டமும் சொல்கின்றன. இரண்டையும் அந்தத் தெருவில் யாரும் அறிந்திருக்கவில்லை.

அந்தப் பழைய சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளையர் ஆட்சியில் 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட வாய்க்காலில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள ஒவ்வொரு நில உடைமையாளனுக்கும் உரிமை உண்டு என்று அது கூறுகிறது. இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டின் நீதிபதிகள் கண்ட முடிவு இது. பூமிக்குள் நீர் எப்படி ஓடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எல்லை வகுக்க முடியாது என்று விட்டுவிட்டார்கள். அன்று கிணறு என்றால் ஏற்றமும் கவலையும்தான். மனிதனும் மாடும் களைத்தால் இறைப்பும் நின்றுவிடும். இன்றோ, பொத்தானை அழுத்தினால் இரவெல்லாம் இறைக்கும் மோட்டார் இருக்கிறது. கருவி மாறியது, பூமிக்குள் நீர் ஓடும் வழியை விஞ்ஞானமும் கண்டுபிடித்தது. உரிமை பற்றிய எண்ணம் மட்டும் மாறவில்லை. நிலமில்லாதவனுக்கு நீரும் இல்லை என்பதுதானே இதன் பொருள்?

புதிய சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1996-இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையைத் தொடர்ந்து 1997-இல் மத்திய நிலத்தடி நீர் ஆணையம் அமைந்தது. கர்நாடகச் சட்டசபை 2011-இல் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் செய்தது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் கிணறு தோண்ட அனுமதி வேண்டும், இருக்கும் கிணறுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று அது விதித்தது. அதற்கு முன்பே, 2009-இல், பெங்களூர்க் குடிநீர் வாரியச் சட்டம் திருத்தப்பட்டது. 60-க்கு 40 அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் ஏற்கெனவே கட்டிய வீடுகளும், 30-க்கு 40 அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் புதிதாகக் கட்டும் வீடுகளும் மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்றாயிற்று. ஏட்டில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடந்தது என்ன? அரசாங்கக் கணக்கில் இருந்த சுமார் 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டன என்று துணை முதலமைச்சரே அறிவித்தார். தனியார் கிணறுகள் இதில் சேரா. குடிநீரில் கார் கழுவினால், தோட்டத்துக்குப் பாய்ச்சினால் 5,000 ரூபாய் தண்டம் என்று வாரியம் ஆணையிட்டது. டாங்கர் லாரிக்காரர்கள் வாய்க்கு வந்த விலை சொல்லவே, 6,000 லிட்டர் லாரிக்கு 5 கிலோமீட்டருக்குள் 600 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை கட்ட நேர்ந்தது. நகரில் புதிய கிணறு தோண்ட வாரியத்தின் அனுமதி கட்டாயம் என்று மார்ச் 15 முதல் அறிவித்தார்கள். 2011-இல் செய்த சட்டத்தை 2024-இல் நினைவூட்ட வேண்டியிருந்தது! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஏன் இப்படி ஆனது? அதிகாரிகள் சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அது போதுமான விடையாகத் தோன்றவில்லை. சட்டம் வெகு தொலைவில் நிற்கிறது என்பதுதான் என் எண்ணம். மாநிலத்துக்கு ஓர் ஆணையம், மாவட்டத்துக்கு ஒரு குழு என்றால், ஒரு தெருவில் நள்ளிரவில் துளையிடும் லாரியை அவர்கள் எப்படிக் காண்பார்கள்? தெருவில் இருப்பவர்களுக்கோ அனுமதி உண்டா இல்லையா என்று கேட்க ஓர் இடமில்லை. மழைநீர்ச் சட்டத்திலும் இதே குறைதான். சேமிக்காத வீட்டுக்குத் தண்ணீர்ப் பில்லோடு தண்டத்தைக் கூட்டுகிறார்கள். பணமுள்ளவர் தண்டத்தைக் கட்டிவிட்டு மழையைச் சாக்கடைக்கு அனுப்பலாம். வாரியத்தின் இணைப்பே இல்லாமல் போர்வெல்லையும் டாங்கரையும் நம்பி வாழும் வீட்டுக்கு எந்தப் பில்லில் தண்டத்தைக் கூட்டுவது?

ஆகவே நான் சொல்வது இது: அடிநீரைக் காக்கும் சட்டம் நகரசபையின் கையில், வட்டாரத்தின் கண்ணெதிரில் இருக்க வேண்டும். அதில் குறைந்தது ஐந்து விதிகள் வேண்டும்.

முதலாவது, கணக்கு. நகரத்தில் உள்ள ஒவ்வொரு போர்வெல்லும், அரசாங்கத்துடையதானாலும், கல்லூரியுடையதானாலும், அடுக்குமாடிக் குடியிருப்புடையதானாலும், பதிவு பெற்று மீட்டர் பொருத்தப்பட வேண்டும். மின்சாரத்துக்கு மீட்டர் உண்டு; கார் வாடகைக்கு மீட்டர் உண்டு. உயிருக்கு ஆதாரமான நீருக்கு மட்டும் மீட்டர் இல்லாதிருப்பது என்ன நியாயம்?

இரண்டாவது, வெளிப்படை. வார்டுக்கு ஒன்றோ இரண்டோ கிணறுகளை நீர்மட்டம் அளப்பதற்கென்றே விட்டுவைத்து, மாதந்தோறும் மட்டத்தை வார்டு அலுவலக வாசலில் கன்னடத்திலும், அங்கு வாழும் மக்களின் மற்ற மொழிகளிலும் எழுதி வைக்க வேண்டும். வங்கியில் பணம் குறைவதை அறிந்த குடும்பம் செலவைக் குறைக்கும். அறியாத குடும்பம் எப்படிக் குறைக்கும்?

மூன்றாவது, முறை. மட்டம் ஒரு குறிக்குக் கீழே போனால், குடிநீருக்கே முதலிடம் என்று சட்டம் பேச வேண்டும். விற்பனைக்கு இறைப்பதும், கட்டடம் கட்ட இறைப்பதும் அந்த வார்டில் தாமாகவே நிற்க வேண்டும். கட்டடத்துக்கும் தோட்டத்துக்கும் சுத்திகரித்த கழிவு நீர் போதும்.

நான்காவது, திருப்பிச் செலுத்துதல். எடுத்தவன் கொடுக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60-க்கு 40 அடி மனை என்பது சுமார் 223 சதுர மீட்டர். இந்நகரில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால், அந்த மனையில் விழுவது 2 லட்சம் லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவுப்படி நால்வர் குடும்பத்துக்கு அது ஓர் ஆண்டுக்குப் போதும். அத்தனையும் பிடிக்க முடியாது. பாதி பிடித்தாலும் ஆறு மாதம் ஆயிற்று. அதே மனையில் ஐந்து மாடி கட்டினால் இந்தக் கணக்குச் செல்லாது. அதனால்தான் மாடி ஏற ஏற, கடமையும் ஏற வேண்டும் என்கிறேன். சேமிப்புக் குழி இருக்கிறதா என்று வீடு கட்டும்போது ஒரு முறை பார்த்தால் போதாது. ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்பு, வடிகட்டும் மணல் தூர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, ஏரிகளும் வாய்க்கால்களும். ஆறில்லாத மேட்டில் ஊர் அமைத்தவர்கள் ஏரிகளை வெட்டினார்கள். ஒன்றின் நிறைநீர் அடுத்ததற்குப் போகும்படி சங்கிலியாகக் கோத்தார்கள். அந்த ஏரிகள் மண்ணுக்குள் நீரை ஊட்டின. நாம் ஊருக்குப் பஸ் ஏறும் மெஜஸ்டிக் நிலையம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. பந்தயம் பார்க்கப் போகும் கண்டீரவா மைதானம் சம்பங்கி ஏரி. போனவை போகட்டும். எஞ்சிய ஏரிக்கும், ராஜகாலுவே என்று இங்குள்ளோர் சொல்லும் பெரு வாய்க்காலுக்கும் எல்லைக்கல் நட்டு, அதற்குள் ஒரு செங்கல்லும் ஒரு சொட்டுச் சாக்கடையும் விழாமல் காப்பது அடிநீர்ச் சட்டத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும். வற்றிய துளைகளில் கழிவை விடுவது கடுங்குற்றம் என்றும் அது சொல்ல வேண்டும். நிலத்துக்கு அடியில் ஊறிய நஞ்சைத் துடைத்தெடுக்கத் துடைப்பம் கிடையாது.

இதற்கு எழும் மறுப்புகளையும் பார்ப்போம்.

"என் நிலம், என் பணம், என் கிணறு; நகரசபை யார் கேட்க?" என்பர் சிலர். நிலம் உங்களுடையது; சரி. ஆனால் உங்கள் நிலத்தில் நீங்கள் நினைத்த உயரத்துக்கு மாடி கட்ட முடியுமா? முடியாது. அடுத்த வீட்டு வெளிச்சத்தையும் காற்றையும் கருதி, எவ்வளவு இடம் விட வேண்டும் என்று நகரசபை சொல்கிறது, நீங்களும் ஏற்கிறீர்கள். மேலே போகும் கட்டடத்துக்கு எல்லை உண்டென்றால், கீழே போகும் துளைக்கு மட்டும் ஏன் இருக்கக்கூடாது?

"கட்டுப்பாடு போட்டால் ஏழைக்குத்தான் இடி" என்பர் வேறு சிலர். இது கவலையோடு கேட்க வேண்டிய மறுப்பு. தடை என்று மட்டும் சட்டம் சொன்னால் அப்படித்தான் நடக்கும். பணக்காரர் அனுமதி வாங்கிக்கொள்வார். குழாய் இல்லாத சேரிக்கு இருந்த ஒரே கிணறும் மூடப்படும். ஆகவே, பொதுக் கிணறுகளுக்குச் சட்டமே முதல் பாதுகாப்புத் தர வேண்டும். பொதுக் கிணற்றைச் சுற்றிக் குறித்த தூரத்துக்குள் தனியார் ஆழ்துளை கூடாது என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால், நான் பார்த்த அந்தத் தகரக் கூரை வீட்டுப் பெண்கள் குடத்தோடு வாசலில் நின்றிருக்க மாட்டார்கள்.

"நகரசபைக்கு இந்த அதிகாரம் உண்டா?" என்பது மூன்றாவது கேள்வி. கேரளத்தில் நம் கோயம்புத்தூர் எல்லைக்கு அருகே உள்ள பிளாச்சிமடை இதற்குப் பாடம். 2000-ஆம் ஆண்டு அங்கே கோக்கோ கோலா தொழிற்சாலை வந்தது. சுற்றுக் கிணறுகள் கெட்டன என்று மக்கள் போராட, பெருமாட்டி ஊராட்சி 2003-இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அடிநீர் பொதுச் சொத்து, அரசு அதன் காவலாளி என்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்காமல், நில உடைமையாளருக்கு நியாயமான அளவு எடுக்கும் உரிமை உண்டு என்றது. ஆலையோ 2004-லேயே மூடப்பட்டு, பிறகு இயங்கவில்லை. மக்கள் உறுதியால் வென்றார்கள். ஆனால் ஊராட்சியின் அதிகாரம் நீதிமன்றப் படிகளில் ஊசலாடியது. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் நகராட்சிகளின் பணிகளில் குடிநீர் வழங்குதலைச் சேர்த்திருக்கிறது. அடிநீரைக் காப்பதைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. எனவே, சட்டசபை தெளிவான சொற்களில் இந்த அதிகாரத்தை நகரசபைக்கு வழங்க வேண்டும். இல்லையென்றால் முதல் வழக்கிலேயே நகர விதி விழுந்துவிடும்.

"சட்டத்தால் நீர் ஊறுமா?" என்று கேலி பேசுவோருக்கு நம் சென்னையைக் காட்டுகிறேன். சென்னைப் பெருநகருக்கென்று தனியான நிலத்தடி நீர்ச் சட்டம் 1987-லேயே வந்தது. 2003-இல் அவசரச் சட்டத்தின் மூலம் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டு, சில மாதக் கெடுவும் விதிக்கப்பட்டது. தெருத்தெருவாகக் குழாயும் குழியும் அமைந்தன. பின்வந்த ஆண்டுகளில் கிணறுகளில் மட்டம் ஏறியதையும் உப்புக் குறைந்ததையும் மக்களே கண்டார்கள். அதே சென்னை 2019-ஆம் ஆண்டு கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்தது. இந்த இரண்டும் உண்மை. சட்டம் கெடுவோடும் கண்காணிப்போடும் வந்தால் மக்கள் செய்கிறார்கள். கேட்பாரில்லாமல் போனால் குழி தூர்ந்து போகிறது. முதற்பாடத்தையும் இரண்டாம் பாடத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கடைசி மறுப்பு இது: "காவிரி இருக்கும்போது கவலை ஏன்?" 1974-இல் முதல் கட்டமாக வந்த காவிரி, இன்று சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வருகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டம், நகரோடு சேர்ந்த 110 கிராமங்களுக்காக நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரவல்லது. நல்லதே. ஆனால் ஒன்றை நாம் மறக்கலாகாது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் தன் தீர்ப்பை எழுதியபோது, பெங்களூரின் குடிநீர்த் தேவையில் பாதி அடிநீரால் நிறைவேறும் என்று கணக்கிட்டது. 2018 பிப்ரவரி 16-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கைத் தள்ளி, பெங்களூருக்கென 4.75 டி.எம்.சி. கூடுதலாக வழங்கியது. தமிழ்நாட்டு டெல்டாவின் அடிநீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் கொண்டு, அதையும் நம் பங்கிலிருந்து குறைத்தது. தீர்ப்பின் நியாயத்தை நான் இங்கே வாதிட வரவில்லை. அடிநீரும் ஆற்றுநீரும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள் என்பதை நாட்டின் தலைமை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது என்பதைத்தான் சொல்கிறேன். இந்த நகரத்தின் பாறையில் ஒரு வெடிப்பு வறண்டால், அந்தத் தாகம் குழாய் வழியே காவிரிக்குப் போகும். அங்கிருந்து தஞ்சையின் கடைமடை வரை போகும். பெங்களூரின் அடிநீரைக் காப்பது கன்னட உழவனுக்கும் தமிழ் உழவனுக்கும் ஒரே நேரத்தில் செய்யும் தொண்டு. இரு மாநிலத்தாரும் கைகோத்து நிற்கக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இப்போது இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 செப்டம்பரில் பெங்களூரின் ஒரே மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன்பு, 2020 செப்டம்பரில் மன்றத்தின் காலம் முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகள், கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் இந்த மாநகரம் ஆளப்பட்டது. புதிய மாநகராட்சிகள் புதிய விதிகளை எழுதும் நேரத்தில் எழுதாததை, பின்னால் எழுத வைப்பது கடினம்.

நாம் என்ன செய்யலாம்? வீரவசனம் வேண்டாம்; நம் வளாகத்திலிருந்து தொடங்குவோம். இங்குள்ள கிணறுகள் எத்தனை, நாளொன்றுக்கு எவ்வளவு இறைக்கிறோம், மட்டம் எங்கே நிற்கிறது என்று நிர்வாகத்திடம் நம் மன்றம் எழுத்தில் கேட்கட்டும். விஞ்ஞானம் படிக்கும் நாம் வாரத்துக்கு ஒரு நாள் நாடாவும் எடையும் கொண்டு மட்டத்தை அளந்து, அறிவிப்புப் பலகையில் எழுதுவோம். சட்டம் படிக்கும் நண்பர்கள் மேலே சொன்ன ஐந்து விதிகளையும் மசோதாவாக எழுதட்டும். கன்னட மாணவர் சங்கத்தாரையும் அழைத்து, இரு மொழியிலும் அதை அச்சிட்டு, நம் வார்டில் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்போம். "இதற்கு உங்கள் பதில் என்ன?" என்று கேட்போம்.

கடவுளை வாழ்த்திய கையோடு மழையின் சிறப்பைத் தன் நூலின் இரண்டாம் அதிகாரமாக வைத்தவர் வள்ளுவர். மழை வானத்தின் கொடை. ஆனால் பெய்த மழை பூமிக்குள் போவதும், போனதை எல்லாரும் பகிர்ந்து உண்பதும் மனிதர் செய்யும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குத்தான் சட்டம் என்று பெயர். அதைக் கேட்டுப் பெறும் வேலையை அடுத்த மன்றக் கூட்டத்திலேயே தொடங்குவோம்.